பட்டியலில் இல்லாத சரக்கு

தருமபுரியில் ஒரு கல்யாண வரவேற்பு. கச்சேரி முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார் வாசிக்கும் தம்பி தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். திரையில் ஓர் எலெக்ட்ரிக் கிட்டார். உடலுக்கு ஐந்து மரம், மேற்பலகைக்கு எட்டு, வண்ணம் முப்பதோ என்னவோ. கழுத்தின் பருமன், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப், தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ், விரல் அழுத்தும் விரற்பலகையில் பதிக்கும் சிப்பி என்று பட்டியல் போய்க்கொண்டே இருந்தது. ஒன்றைத் தொட்டால் படம் மாறுகிறது, அடியில் விலையும் மாறுகிறது. அது இறங்கி நான் பார்க்கவில்லை. "அண்ணா, நாம் கேட்கிறபடியே செய்து தருகிறார்களாம். பாதிப் பணம் முன்னால் கட்ட வேண்டும். வாங்கலாமா?" என்றான்.

வேன் காவேரிப்பட்டணம் தாண்டும்வரை பேசினோம். அதற்குள் பின்சீட்டிலிருந்து டிரம்ஸ்காரர் "தூங்க விடுங்களப்பா" என்று குரல் கொடுத்துவிட்டதால் பேச்சு பாதியில் நின்றது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு டூல் ரூமில், அதாவது அச்சுகளும் கருவிகளும் செய்யும் பிரிவில், வேலை பார்ப்பவன். கிட்டார் எனக்கு சனி ஞாயிறுத் தொழில். ஆகையால் இந்தக் கட்டுரையில் இசை கொஞ்சம் குறைவாகவும் அளவுகோல் கொஞ்சம் அதிகமாகவும் இருக்கும்.

இந்த வகைக் கிட்டாருக்கு வியாபாரத்தில் செமி கஸ்டம் என்று பெயர். ஜவுளிக்கடைக்குப் போய் வந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ரெடிமேட் சுடிதார் ஒரு பக்கம் தொங்கும். துணி எடுத்து அளவு கொடுத்துத் தைத்துக்கொள்வது இன்னொரு வழி. இரண்டுக்கும் நடுவில் பாதி தைத்த சுடிதார் என்று ஒன்று விற்கிறார்கள். கழுத்து வேலைப்பாடும் எம்பிராய்டரியும் முடிந்திருக்கும், பக்கங்களை மட்டும் நம் உடம்புக்குப் பிடித்துக்கொள்ள வேண்டும். செமி கஸ்டம் கிட்டாரும் அப்படித்தான். கிட்டாரின் வடிவம், தந்தியின் நீளம், தலைப்பகுதியின் வெட்டு எல்லாம் நிறுவனத்தின் முடிவு. மரம், நிறம், பிக்கப், உலோகப் பாகங்கள் நம் முடிவு. முழு கஸ்டம் என்றால் கைவினைஞரோடு உட்கார்ந்து வடிவத்திலிருந்தே தொடங்கலாம், அதற்கான விலையும் காத்திருப்பும் வேறு.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதற்கு 1950-க்குப் போக வேண்டும். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் அந்த ஆண்டில்தான் கட்டை உடல் கொண்ட எலெக்ட்ரிக் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1951-இல் அதற்கு டெலிகாஸ்டர் என்று பெயர் நிலைத்தது. 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. லியோவுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஒருவேளை அதனால்தான் அதை இசைக்கருவியாகப் பார்க்காமல், பழுது பார்க்க வேண்டிய ஒரு பொருளாகப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றும். அதுவரை பெரும்பாலும் கழுத்தை உடலோடு பசை வைத்து ஒட்டுவதுதான் வழக்கம். அவர் நான்கு ஸ்குரூ போட்டு முடுக்கிவிட்டார். கழுத்து கெட்டுப்போனால் கழற்றி எறிந்துவிட்டு வேறு கழுத்தை மாட்டலாம். கிட்டார் என்பது பாகங்களின் தொகுப்பு என்றான அன்றே, எந்தப் பாகம் வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கேட்கும் வழியும் திறந்துவிட்டது.

கேட்டு விற்றவர்களில் பழைய பெயர் கார்வின். லோவெல் கீசல் என்பவர் 1946-இல் தொடங்கிய நிறுவனம் அது. தன் பிள்ளைகள் கார்சன், கேவின் இருவரின் பெயரையும் சேர்த்து வைத்த பெயர். கடைக்காரர் இடையில் இல்லாமல், பட்டியலைத் தபாலில் அனுப்பி நேரடியாக விற்பது அவர்கள் வழி. 2015-இல் கிட்டார் பிரிவு தனியாகப் பிரிந்து குடும்பப் பெயரிலேயே கீசல் கிட்டார்ஸ் ஆனது. இன்று உலகில் பலரும் செய்கிற இந்த வியாபாரத்தின் அடிப்படை அதிலேயே இருக்கிறது. கடைக்காரரின் பங்கு மிச்சமாகிறது, அந்தப் பணத்தில் நல்ல மரமும் நல்ல பாகங்களும் போட முடிகிறது. அதே மூச்சில், கடைக்காரர் செய்துவந்த வேலையும் காணாமல் போகிறது. உறையைப் பிரித்துப் பார்ப்பது, தந்தியின் உயரத்தைச் சரிசெய்வது, குறை இருந்தால் நிறுவனத்தோடு சண்டை போடுவது எல்லாம் நம் தலையில் வந்து விழுகின்றன.

மற்றதைச் சி.என்.சி., அதாவது கணினி புரோகிராம் சொல்கிறபடி வெட்டும் இயந்திரம் செய்துவிட்டது. ஓசூரில் இதை விளக்கத் தேவையில்லை. புரோகிராம் ஒன்றுதான், மேசையில் கட்டுவது மகோகனியா, ஆல்டரா, ஆஷ் மரமா என்பது இயந்திரத்துக்குப் பொருட்டில்லை. ஆகவே தேர்வுகளை அள்ளிக் கொடுப்பதில் நிறுவனத்துக்குப் பெரிய செலவு கிடையாது. புலி வரி மேப்பிள் மேற்பலகைக்கு அவர்கள் வாங்கும் கூடுதல் தொகைக்கும் அந்தப் பலகையின் அடக்க விலைக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கும் என்பதைச் சொல்ல ஜோசியம் பார்க்க வேண்டாம். பணமும் நேரமும் உண்மையில் தின்பது வேறு. ஃபிரெட்டுகளைச் சமன்செய்வது, விளிம்பை உருட்டுவது, கழுத்தின் தலைமாட்டில் தந்திகள் தங்கும் நட் என்ற துண்டின் பள்ளங்களை அராவுவது, பெயின்ட் காய்கிற வரைக்கும் காத்திருப்பது. இவை கை வேலை. இவை நான் பார்த்த எந்த நிறுவனத்தின் தேர்வுப் பட்டியலிலும் இல்லை. "ஃபிரெட் வேலை: சுமார், நன்று, மிக நன்று" என்று தொட்டுத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

ஃபிரெட் என்பது வீணையில் மெட்டு என்கிறோமே, அது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன. சுரம் பிசகினால் மெழுகை இளக்கி மறுபடி நிறுத்திக்கொள்ளலாம். கிட்டாரில் ஃபிரெட்டை மரத்தில் அறுத்த கோட்டுக்குள் அடித்து இறக்கிவிடுகிறார்கள். அதன் இடம் கணக்கில் முன்பே முடிவானது. தந்தியின் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட் எங்கே என்று கிடைக்கும். மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. ஃபெண்டர் அளவான 648 மில்லிமீட்டருக்கு முதல் ஃபிரெட் நட்டிலிருந்து 36.4 மில்லிமீட்டர், பன்னிரண்டாவது நேர் பாதியில், 324-இல். இந்த இடங்களை இயந்திரம் பிசகாமல் அறுத்துக் கொடுத்துவிடும். பிசகுவது உயரத்தில்.

என் கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் நானும் இப்படி ஒரு கிட்டாருக்கு முற்பணம் கட்டினேன். யாரிடம் என்பது வேண்டாம். மூன்று மாதம் என்றார்கள், ஐந்தரை மாதம் ஆயிற்று. பெட்டியைத் திறந்தபோது காத்திருந்ததெல்லாம் மறந்துபோனது, அவ்வளவு அழகு. கரும்பச்சை நிறம், அடியில் மரத்தின் ரேகை தெரிகிறது. மனைவிகூட "இது நன்றாக இருக்கிறது" என்று சொன்னார். எங்கள் வீட்டில் கிட்டார் விஷயத்தில் அது பெரிய சான்றிதழ். ஆம்ப்ளிஃபையரில் செருகி வாசித்தேன். முதல் தந்தியில் பதினான்காவது கட்டத்தை (ஃபிரெட்டுகளுக்கு நடுவே விரல் வைக்கும் இடத்தை) அழுத்தினால் மட்டும் சுரம் வரவில்லை. தகரத்தில் ஈ மாட்டிக்கொண்டதுபோல ஒரு கரகரப்பு வந்து செத்துப்போனது.

மறுநாள் டூல் ரூமில் மதிய உணவு நேரத்தில் ஒரு சிறிய எஃகுத் துண்டை கிரைண்டரில் கொடுத்து விளிம்பை நேராக்கிக்கொண்டேன். மூன்று ஃபிரெட் அகலம்தான் அதன் நீளம். பதினான்கு, பதினைந்து, பதினாறு மேல் வைத்தால் அசையாமல் உட்கார வேண்டும். அது மேஜைக்கால் குட்டையானதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. நடுவில் இருக்கும் பதினைந்து தூக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் அழுத்திப் பிடித்து மறுபக்க இடைவெளியில், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்தேன். 0.05 வழுக்கிக்கொண்டு போனது. 0.10 தொட்டும் தொடாமலும் போனது. 0.15 போகவில்லை. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. தலைமயிரின் பருமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து அதில் ஏறக்குறையப் பாதி அளவு தூக்கியிருந்தாலே பதினான்கில் அழுத்தும் தந்தி அதில் இடிக்கிறது. கரகரப்பின் கதை அவ்வளவுதான்.

படம் எடுத்து, அளவைக் குறித்து, நிறுவனத்துக்கு எழுதினேன். இரண்டு நாளில் மரியாதையான பதில் வந்தது. எங்கள் தர வரம்புக்குள்தான் இருக்கிறது, தந்தியைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளுங்கள் என்றது. அந்த வரம்பு எத்தனை என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. எங்கள் தொழிலில் எண் இல்லாத வரம்பைச் சொல்லிக்கொண்டு தரக் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்தால் சிரிப்பார்கள். இரண்டாம் கடிதத்துக்கு, திருப்பி அனுப்பினால் பார்க்கிறோம், போகவர கூரியர் செலவு உங்களுடையது, மூன்று வாரம் ஆகலாம் என்று வந்தது. எனக்கு அடுத்த பத்து நாளில் இரண்டு கோயில் திருவிழா. கடைசியில் நானே பித்தளைத் துண்டை மேலே வைத்து மெல்லத் தட்டி, அடியில் ஒரு சொட்டு பசை விட்டு, இரவு முழுவதும் கிளாம்ப் போட்டு வைத்தேன். காலையில் எஃகுத் துண்டு ஆடவில்லை. வாரண்டி போயிற்று, கரகரப்பும் போயிற்று.

இதில் எனக்குக் கோபம் ஃபிரெட் மேல் இல்லை. மரத்தில் அடித்த உலோகம் தூக்கிக்கொள்வது எங்கும் நடக்கும், பெரிய பெயர்களிலும் நடக்கும். கிட்டார் ஒரு நாள் முழுக்க எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். 648 மில்லிமீட்டர் நீளத்தில் மெல்லிய ஒன்பது நம்பர் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 38 கிலோ இழுக்கின்றன. சற்றுத் தடித்த பத்து நம்பர் போட்டால் 46 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டைக்குச் சற்றே குறைவான பாரத்தை ஒரு மெல்லிய மரக்கழுத்து இரவும் பகலும் சுமக்கிறது. உள்ளே ட்ரஸ் ராடு என்ற எஃகுக் கம்பி அதற்கு எதிராக முறுக்கிப் பிடித்து நிற்கிறது. இத்தனைக்கும் நடுவில் கழுத்தில் இருக்க வேண்டிய குழிவு கால் மில்லிமீட்டர் அளவுதான். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தந்தியின் உயரம் ஒன்றரையிலிருந்து இரண்டு மில்லிமீட்டர். எல்லாமே மரம். மரம் சும்மா இருக்காது.

இங்கேதான் நம் ஊர் உள்ளே வருகிறது. கருவிக்கு ஏற்ற காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 55 என்பது பொதுக் கணக்கு. கடலோர நகரத்தில் செய்து, பங்குனியிலோ சித்திரையிலோ கிருஷ்ணகிரிக்கு வந்து இறங்கும் கிட்டாரை நினைத்துப் பாருங்கள். வறண்ட காற்று மரத்தில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிறது. மரம் ரேகைக்குக் குறுக்கே சுருங்கும், நீளவாட்டில் அநேகமாகச் சுருங்காது. விரற்பலகை அகலத்தில் ஒரு துளி குறைகிறது, அதில் பதிந்த உலோகம் குறைவதில்லை. விளைவு, கழுத்தின் ஓரத்தில் ஃபிரெட்டின் நுனிகள் எட்டிப் பார்க்கின்றன. கையை மேலிருந்து கீழே ஓட்டினால் ரம்பத்தின் பல்லைத் தடவியதுபோல இருக்கும். ஐப்பசி மழையில் அதுவே உள்ளே போய்விடும். தயாரித்தவர் ஏமாற்றிவிட்டார் என்று சித்திரையில் திட்டி, ஐப்பசியில் சமாதானமான நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. ஈரத்தை நன்றாக இழுத்துக் காயவைத்த மரத்தில் இது குறையும். மேப்பிளை அடுப்பில் வறுத்துச் செய்யும் கழுத்து என்று ஒரு தேர்வு இருக்கிறதே, அதை நான் வெறும் அலங்காரமாக நினைத்ததில்லை. வறுத்த மரம் ஈரத்துக்கு அவ்வளவாக அசையாது. மேற்பலகைக்குக் கொடுக்கும் பணத்தை அதற்குக் கொடுக்கலாம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃபிரெட்டும் அப்படித்தான். வழக்கமாகப் போடுவது நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். வாரம் இரண்டு கச்சேரி, பந்தல் வெக்கை, வியர்வை என்று வாசிப்பவருக்குச் சில வருடங்களில் பள்ளம் விழும். ஃபிரெட்டை முழுதாக மாற்றும் வேலைக்கு நம்பிக் கொடுக்க ஆள் தேடினால் பெங்களூருவுக்கு 90 கிலோமீட்டர் போக வேண்டும். எஃகு ஃபிரெட் அந்தப் பயணத்தைப் பல வருடம் தள்ளிப்போடும்.

பிக்கப் விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். காந்தத்தைச் சுற்றித் தலைமயிரைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியதுதான் பிக்கப். ஒற்றைச் சுருள் என்றால் தந்தியின் அதிர்வோடு பக்கத்தில் இருக்கும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமலையும் சேர்த்துப் பிடிக்கும். கிப்ஸன் நிறுவனத்தில் இருந்த சேத் லவர் 1955-இல் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து அந்த உறுமல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி செய்தார். அதுதான் ஹம்பக்கர். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒற்றைச் சுருளின் கணீர் ஒலிக்கு ஈடில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாரியம்மன் கோயில் திடலில், டீசல் ஜெனரேட்டர் பக்கத்தில், தலைக்கு மேலே பத்தாயிரம் சீரியல் பல்புகள் மின்னிக்கொண்டிருக்கும்போது அதே ஒற்றைச் சுருள் என்ன பாடு படுத்தும் என்பது மேடை ஏறியவருக்குத் தெரியும். தம்பிக்கு நான் சொன்னது, ஹம்பக்கர் போட்டுக்கொள், எந்தக் கம்பெனி என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்ளாதே. பிக்கப்பைப் பிறகு மாற்றலாம். பற்றவைக்கத் தெரிந்த டி.வி. மெக்கானிக் அரை மணியில் முடித்துவிடுவார். லியோ ஃபெண்டரும் அந்தத் தொழில்காரர்தானே.

கழுத்து ஸ்குரூ போட்டதாக இருப்பது நல்லது என்பதும் இதே கணக்கில் வருகிறது. ஒட்டிய கழுத்தில் ஒலி கொஞ்சம் நீண்டு நிற்கும் என்பார்கள். இருக்கலாம். பழுது பார்க்க ஆள் இல்லாத ஊரில் கழற்ற முடிகிற பாகம்தான் எனக்கு உசத்தி. உடல் மரம் ஒலியை எவ்வளவு மாற்றும் என்ற சண்டைக்குள் நான் போகப்போவதில்லை. அதற்குப் பதிலாக எடையைக் கேளுங்கள். மூன்றரைக் கிலோவுக்கும் நாலரைக் கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் கடையில் தெரியாது. மூன்று மணி நேரக் கச்சேரியில் இரண்டாவது மணியில் தோள்பட்டை சொல்லும். எடைக்கு எழுத்தில் உறுதி கொடுக்கும் செமி கஸ்டம்காரர்கள் குறைவு.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் திரையில் தெரியும் விலை விலையே இல்லை. சுங்கம் கணக்கிடுவது கிட்டாரின் விலையோடு கப்பல் அல்லது விமானக் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைமேல். அதன்மேல் சுங்கவரி, அந்த வரியின்மேல் நூற்றுக்குப் பத்து என்று சமூக நலக் கூடுதல் வரி, இவை எல்லாம் சேர்ந்த மொத்தத்தின்மேல் ஐ.ஜி.எஸ்.டி. என்ற ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரி. விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும் என்பதால் வாங்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கின் போக்குக்காகச் சுங்கவரி 10, ஐ.ஜி.எஸ்.டி. 18 என்று வைத்தால் 100 ரூபாய் முதலில் 111 ஆகி, அது 131-ஐத் தொடும். குறை இருந்து திருப்பி அனுப்பினால் கட்டிய வரியை மீட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஒரே ஒரு கிட்டாருக்காக அந்தக் காகித வேலையில் இறங்கி வென்றவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

மரத்துக்கும் சட்டம் உண்டு. உலகமெங்கும் கிட்டார் விரற்பலகைக்குப் போகும் இந்திய ரோஸ்வுட் வேறொன்றுமில்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தோதகத்தி, ஈட்டி என்றும் சொல்வோம். 2011-இல் அமெரிக்க அரசு அதிகாரிகள் கிப்ஸன் தொழிற்சாலையில் புகுந்து இந்தியாவிலிருந்து போன விரற்பலகைக் கட்டைகளைக் கைப்பற்றியது அப்போது பெரிய செய்தி. முந்தைய ஒரு வழக்கையும் சேர்த்து அடுத்த ஆண்டு 3 லட்சம் டாலர் அபராதத்தோடு சமரசம் ஆயிற்று. 2017 ஜனவரியில் இந்த மரப் பேரினம் முழுவதும், அழியக்கூடிய உயிரினங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது ரோஸ்வுட் வைத்த கிட்டாரை எல்லை தாண்டி விற்கக் காகிதம் தேவைப்பட்டது. பல நிறுவனங்கள் வேறு மரத்துக்குத் தாவின. 2019 நவம்பர் இறுதியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. அந்தப் பெயர் தேர்வுப் பட்டியலில் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். நீலகிரிப் பக்கத்து மரம் கலிஃபோர்னியா போய், கிட்டாராகி, சுங்கம் கட்டிக் கிருஷ்ணகிரிக்கு வருவதை நினைத்தால் மாங்கூழ் ஞாபகம் வருகிறது. நம் தோட்டத்துக் காய் எங்கெங்கோ போய்ப் புட்டியில் அடைபட்டுத் திரும்பி வருகிறதே, அதுபோல.

இனி பலரும் கடைசியாகப் படிக்கும், முதலில் படிக்க வேண்டிய இடம்: திருப்பி அனுப்பும் நிபந்தனை. கடையில் தொங்கும் கிட்டார் பிடிக்கவில்லை என்றால் நிறுவனம் அதை இன்னொருவருக்கு விற்றுவிடும். நீங்கள் ஊதா நிறமும் பொன்னிற உலோகமும் பதினேழாவது கட்டத்தில் பெயரும் கேட்டுச் செய்ததை யாருக்கு விற்பார்கள்? ஆகவே சில தேர்வுகளைத் தொட்டால் திருப்பும் உரிமை போய்விடும் என்று பல இடங்களில் எழுதியே வைத்திருக்கிறார்கள். அது நியாயம்தான். ஆனால் வாங்குபவர் அதை உணர்வதில்லை. ஒவ்வொரு தொடுதலிலும் விலை ஏறுவது திரையில் தெரிகிறது, உரிமை இறங்குவது தெரிவதில்லை. மறுவிற்பனையிலும் இதே அடி. தெரிந்த பெயரும் சாதாரண நிறமும் கொண்ட தொழிற்சாலைக் கிட்டாரைப் பெங்களூருவில் ஒரே வாரத்தில் தள்ளிவிடலாம். என் கரும்பச்சையை எடுக்க ஆள் வரும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. விற்கும் எண்ணமும் இல்லை என்பது வேறு விஷயம்.

உள்நாட்டு நிறுவனம் என்றால் ஒரு பிடி இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் தான் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவரின் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், கேட்டதும் ஒப்புக்கொண்டதும் எழுத்தில் இருக்க வேண்டும். தொலைபேசியில் "பார்த்துக்கொள்கிறோம் சார்" என்று சொன்னது எந்த ஆணையத்திலும் நிற்காது. வெளிநாட்டு நிறுவனத்தின்மேல் இதையெல்லாம் ஓட்டிப் பார்ப்பது பகல் கனவு. அங்கே நமக்கு இருப்பது அவர்களின் நல்ல மனசும் கடன் அட்டைக்காரரின் தகராறுப் படிவமும்தான்.

பெட்டி வந்த அன்று செய்ய வேண்டியதையும் தம்பிக்குச் சொன்னேன். பிரிக்கும்போதே காணொளி எடு. குளிரூட்டிய கூரியர் கிடங்கிலிருந்து வந்திருந்தால் சில மணி நேரம் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடு. முதலில் சுருதி சேர். பிறகு ஆறு தந்தியிலும் ஒவ்வொரு கட்டமாக, ஆம்ப் இல்லாமல், அழுத்தி வாசி. எல்லாக் கட்டமும், பொறுமையாக. மூன்றாவது கட்டத்தில் தந்தியை அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டுக்கு மேல் பார், மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லை என்றால் நட் பள்ளம் ஆழமாகிவிட்டது. நிறைய இருந்தால் ஆழம் போதவில்லை, சி கார்டே சுருதி ஏறி ஒலிக்கும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், கண் போதும். முடிந்தால் ஒரு நேர் அளவுகோல் வைத்துக்கொள். எங்கள் மாவட்டத்தில் கிரானைட் துண்டுக்குப் பஞ்சமில்லை என்பதால் ஒருவர் பாலிஷ் போட்ட கல்லில் உப்புத்தாள் ஒட்டி ஃபிரெட் சமன்செய்யப் பார்த்தார். பளபளப்பான கல் எல்லாம் தட்டையான கல் அல்ல. டூல் ரூமில் அளவு பார்க்கும் கிரானைட் மேசையும் வீட்டுத் தரையும் ஒரே மலையில் பிறந்திருக்கலாம், வளர்ப்பு வேறு.

அப்படியானால் செமி கஸ்டம் வேண்டாமா? என் கரும்பச்சையை இன்றும் நான்தான் வாசிக்கிறேன். அதன் கழுத்தின் பருமன் என் கைக்குச் செய்ததுபோல இருக்கிறது, ஏனென்றால் என் கைக்குத்தான் செய்தார்கள். அந்த விலைக்கு அந்தக் கழுத்து எந்தக் கடையிலும் தொங்கவில்லை. நான் கொடுத்த பணத்தில் மேற்பலகைக்குப் போனது வீண், கழுத்துக்குப் போனது லாபம், சேவைக்கு என்று எதுவுமே போகவில்லை. முதல் கிட்டார் வாங்குகிறவனுக்கு மட்டும் இதைச் சொல்ல மாட்டேன். தன் கைக்கு எந்தக் கழுத்து பொருந்தும் என்று தெரியாதவன் பட்டியலில் எதைத் தொடுவான்? நாலு பேருடைய கிட்டாரை நாலு வருடம் வாசித்தால் அது தன்னால் தெரிந்துவிடும்.

தம்பிக்கு அது தெரியும், எட்டு வருடமாக வாசிக்கிறான். அதனால் தடுக்கவில்லை. முற்பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். ஃபிரெட்டுகளின் உயரத்தில் நீங்கள் ஏற்கும் அதிகபட்ச வித்தியாசம் எத்தனை மில்லிமீட்டர்? எந்தெந்தத் தேர்வுகளை எடுத்தால் திருப்பி அனுப்ப முடியாது? குறை உங்கள் பக்கம் என்றால் கூரியர் செலவு யாருடையது? திங்கட்கிழமை காலையில் அனுப்பினான். வியாழக்கிழமை பதில் வந்தது. மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் இருந்தது: இரண்டு பக்கமும் வாடிக்கையாளருடையது. கூடவே, இந்த மாதம் மட்டும் மேற்பலகைக்குத் தள்ளுபடி என்று ஒரு படம்.